பஞ்சாப் நெல்தாள் எரிப்பும் சிசு மரணமும்: காற்றின் திசையை மட்டும் நம்பி ஓர் ஆய்வேடு எழுதலாமா?

டெல்டாக்காரி கேட்டது:

வணக்கம். தில்லியில் பொருளியல் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். சுகாதாரமும் சுற்றுச்சூழல் கொள்கையும் சந்திக்கும் இடமே என் களம். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் இறுதி வரை பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் நெல் அறுத்த வயல்களில் தாளை எரிக்கும்போது எழும் புகை, கருவில் இருக்கும் குழந்தைகளையும் பிறந்து ஓராண்டு நிறையாத குழந்தைகளையும் எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்பதை அளவிடுவதே ஆய்வேட்டின் முதல் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

தஞ்சைப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு வைக்கோலை ஒருவர் எரிப்பார் என்பதே முதலில் விளங்கவில்லை. எங்கள் ஊரில் அது போர் போட்டு மாட்டுக்கு வைக்கும் பொருள். அங்கே கம்பைன் இயந்திரம் கதிரை அறுத்துவிட்டு முழங்கால் உயரத் தாளை வயலிலேயே விட்டுச் செல்கிறது, கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரங்களே மிஞ்சுகின்றன, மாட்டுக்குப் பொடித்த கோதுமை வைக்கோலைத்தான் விரும்பிப் போடுகிறார்கள் என்பதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான், தீக்குச்சி அங்கே எவ்வளவு மலிவான கருவி என்பது புரிந்தது.

சிக்கல் வழிமுறையில் இருக்கிறது. அதிகம் எரிக்கும் ஊர் பெரும்பாலும் நன்றாக விளைந்த ஊர். அங்கே கையில் காசு இருக்கும், மருத்துவமனையும் பக்கத்தில் இருக்கும். ஆகவே தீயின் எண்ணிக்கையையும் குழந்தைகளின் உடல்நலத்தையும் நேராக ஒப்பிட்டால், வருமானத்தின் நன்மையும் புகையின் தீமையும் ஒன்றையொன்று மறைத்துவிடும். இதிலிருந்து தப்ப, ஓர் ஊருக்குக் காற்று வரும் திசையில் எரிந்த தீயையும் காற்று போகும் திசையில் எரிந்த தீயையும் பிரித்து, இரண்டின் வேறுபாட்டைப் புகையின் விளைவாகக் கொள்ளலாம் என்று எண்ணினேன். தீயின் எண்ணிக்கையை, தீயைக் கண்டறியும் வியர்ஸ் கருவியின் செயற்கைக்கோள் தரவிலிருந்தும், பிறப்பு எடையையும் சிசு மரணத்தையும் 2015-16, 2019-21 ஆகிய இரண்டு தேசியக் குடும்ப நல ஆய்வுகளிலிருந்தும் எடுக்கிறேன். என் நெறியாளர், "காற்று யார் பேச்சையும் கேட்காது என்பது உண்மைதான், ஆனால் காற்றின் பேச்சை விவசாயி கேட்பார் அல்லவா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். அதற்கு விடை தேடித்தான் இங்கே வந்திருக்கிறேன். நெல் நடவைத் தள்ளிப்போட்ட பஞ்சாபின் 2009 நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தை இந்த ஆய்வில் எங்காவது பயன்படுத்த முடியுமா என்பதையும் சொன்னால் நன்றி உடையவளாக இருப்பேன்.

---

திட்டப்பிழை பதிலளித்தது:

உங்கள் நெறியாளரின் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. பிரேசிலின் சாவோ பாலோவில் கரும்பு வயல்களை எரிப்பதால் பிறப்பு எடை குறைகிறதா என்று ஆராய்ந்த மார்கோஸ் ரங்கேலும் டாம் வோகலும், 2019-இல் வெளியான கட்டுரையில் நீங்கள் சொல்லும் அதே உத்தியைத்தான் கையாண்டார்கள். காற்று வரும் பக்கத்துத் தீ புகையையும் வருமானத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது, காற்று போகும் பக்கத்துத் தீ வருமானத்தை மட்டும் கொண்டுவருகிறது, ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் புகை தனியே நிற்கும் என்பது அவர்களுடைய வாதம். பேறுகாலத்துக்கு நெருக்கமான மாதங்களில் புகை பட்டால் பிறப்பு எடையும் கருவின் காலமும் குறைவதாக அவர்கள் கண்டார்கள்.

அந்த வாதம் நிற்க வேண்டுமானால், தீ வைப்பவர் காற்றைப் பார்த்துத் தீ வைக்கக் கூடாது. தெற்காசியாவில் அது பொய்த்துப்போகிறது என்பதை ஜெம்மா டிபொப்பாவும் சாத் குல்சாரும் 2024-இல் நேச்சர் இதழில் காட்டிவிட்டார்கள். புகை பக்கத்து நிர்வாக எல்லைக்குள் போகும்படி காற்று வீசும்போது தீக்கள் ஏறத்தாழ 15 சதவீதம் கூடுகின்றன. தன் எல்லைக்குள்ளேயே தங்கும்படி வீசும்போது ஏறத்தாழ அதே அளவு குறைகின்றன. காரணம் விவசாயி மட்டும் அல்லர், மாவட்ட நிர்வாகமும்தான்: தன் மக்கள் இருமும்போது விறுவிறுப்பாக நடவடிக்கை எடுக்கும் அதிகாரி, புகை அடுத்த மாவட்டத்துக்குப் போகும்போது கண்டும் காணாமல் இருந்துவிடுகிறார். அப்படியானால் காற்று வரும் பக்கம், போகும் பக்கம் என்ற உங்கள் பிரிவினைக்குள்ளேயே நிர்வாகத்தின் சுறுசுறுப்பு ஒளிந்திருக்கிறது. சுறுசுறுப்பான நிர்வாகம் தடுப்பூசி போடுவதிலும் சுறுசுறுப்பாக இருக்கக்கூடும் என்பதால் இது அற்பமான ஐயம் அன்று.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் உண்மையில் எரிந்த தீயின் எண்ணிக்கையை விளக்க மாறியாக, அதாவது விளைவுக்குக் காரணமாகக் கொள்ளும் அளவாக, வைக்கவே மாட்டேன். ஒவ்வோர் ஊரையும் சுற்றி, ஆய்வுக் காலத்துக்கு முந்தைய ஓர் ஆண்டில் எவ்வளவு பரப்பில் நெல் பயிரானது என்பதை எடுத்துக்கொண்டு, எரிப்புப் பருவத்தின் ஒவ்வொரு நாளும் அந்தப் பரப்பில் எத்தனை பங்கு காற்று வரும் திசையில் இருந்தது என்று கணக்கிட்டு, அதை "வரக்கூடிய புகை" என்று பெயரிடுவேன். இந்த அளவை எந்த அதிகாரியும் எந்த விவசாயியும் அன்றைய காற்றைப் பார்த்து மாற்ற முடியாது. பழைய வானிலை அளவீடுகளையும் கணினி மாதிரியையும் இணைத்து, மணிக்கொரு முறை காற்றின் திசையைத் தரும் ஈரா-5 மறுபகுப்பாய்வுத் தரவு இதற்குப் போதும். ஆனால் அதன் கட்டம் கால் டிகிரி, அதாவது ஒரு பக்கம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் என்பதை மறந்து, பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு வெவ்வேறு காற்று இருப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அந்தப் பருவத்தில் வடமேற்குக் காற்றே மேலோங்கி வீசுவதால் திசை மாறும் நாட்கள் குறைவு. முதல் வேலையாக, ஆண்டுக்கு ஆண்டு அந்த வேறுபாடு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். வேறுபாடே இல்லை என்றால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

இன்னொன்று. மதிப்பீடு எவ்வளவு துல்லியமானது என்று காட்டும் திட்டப் பிழைகளை மாவட்ட அளவில் தொகுத்தால், இரண்டு மாநிலங்களையும் சேர்த்தாலும் நாற்பத்து நான்கைச் சுற்றியே தொகுதிகள் கிடைக்கும். புகை மாவட்ட எல்லையில் நிற்பதும் இல்லை. தொலைவைப் பொறுத்துத் தொடர்பு குறையும் என்று கொள்ளும் கான்லி முறையையும் சேர்த்துக் காட்டுவது நல்லது.

---

லூதியானாவாசி பதிலளித்தது:

நான் பொருளியல் படித்தவன் அல்லன். பணி நிமித்தம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பஞ்சாபில் இருக்கிறேன்; வேளாண் விரிவாக்கம் சார்ந்த வேலை. தரவைப் பற்றிக் களத்திலிருந்து சில செய்திகளைச் சொல்ல வேண்டும்.

செயற்கைக்கோள் தீயை எண்ணுகிறது என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள், சகோதரி. உங்கள் தரவின் ஆண்டுகளில் டெரா செயற்கைக்கோள் காலை பத்தரை மணியளவிலும், அக்வாவும் வியர்ஸ் கருவி உள்ள சுவோமியும் பகல் ஒன்றரை மணியளவிலும், பிறகு இரவிலும் கடந்துபோயின. மாலை நான்கு மணிக்கு வைத்த தீ, ஏழு மணிக்கெல்லாம் கரியாகிவிடும். அது எந்தக் கணக்கிலும் வராது. செயற்கைக்கோள் எப்போது வரும் என்பது இப்போது கிராமத்துத் தேநீர்க் கடையிலேயே பேசப்படும் செய்தி. மேலும் புகை அடர்ந்த நாட்களில் அந்தப் புகையே தீயை மறைத்துவிடுகிறது. எரிந்து கருத்த வயலின் பரப்பைப் பத்து மீட்டர் துல்லியத்தில் காட்டும் சென்டினல்-2 படங்கள் இருக்கின்றன. தீயின் எண்ணிக்கையைக் குறைந்தது சில வட்டங்களிலாவது அதனோடு ஒத்துப் பாருங்கள். மேலே நண்பர் சொன்னபடி நெல் பரப்பை வைத்துக் கணக்கிட்டால் இந்தத் தொல்லை ஓரளவு குறையும், ஆனால் பாசுமதியைப் பிரித்துவிட வேண்டும். பாசுமதியைப் பெரும்பாலும் கையால் அறுக்கிறார்கள், அதன் வைக்கோலை மாடு தின்னும், ஆகவே அதை எரிப்பது குறைவு. அமிர்தசரஸ், தர்ன் தாரன் பக்கம் பாசுமதி அதிகம். சங்ரூர் பக்கம் வேறு கதை.

2009 சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதுதான் உங்கள் ஆய்வின் நடுப்புள்ளியாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நிலத்தடி நீர் அதல பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கடும் வெயிலில் நாற்று நட்டால் இறைக்கும் நீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடும் என்பதால், மே 10-க்கு முன் நாற்றங்கால் விடக் கூடாது, ஜூன் 10-க்கு முன் நடவு செய்யக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஹரியாணாவிலும் அதே ஆண்டு இத்தகைய சட்டம் வந்தது. முன்பே நட்ட பயிரை வேரோடு உழுது அழிக்கலாம் என்று அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்திருந்ததால் சட்டம் ஏட்டளவில் நிற்கவில்லை. நடவு தள்ளியதும் அறுவடை தள்ளியது. கோதுமை விதைப்பு தள்ளவில்லை, ஏனென்றால் கோதுமை தாமதமானால் மார்ச் மாத வெயிலில் மணி சுருங்கிவிடும். நடுவில் இருந்த அவகாசம் நசுங்கியது. செப்டம்பர் கடைசியிலிருந்து பரவலாக நடந்துகொண்டிருந்த எரிப்பு, அக்டோபர் இறுதிக்கும் நவம்பர் முதல் வாரங்களுக்கும் நெருக்கித் தள்ளப்பட்டது. அந்த நாட்களில் காற்று மந்தமாகிவிடும், குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையை மேலே விடாது. தண்ணீரைக் காக்கப் போட்ட சட்டம் காற்றைக் கெடுத்தது என்று இங்கே சொல்வார்கள். முழு உண்மை இல்லாவிட்டாலும், பாதிக்கு மேல் உண்மை.

நடவுத் தேதி அதன் பிறகும் அசையாமல் நின்றுவிடவில்லை. 2018-இல் ஜூன் 20-க்குத் தள்ளினார்கள். விவசாயிகள் எதிர்த்ததும் அடுத்த ஆண்டு ஜூன் 13-க்குக் கொண்டுவந்தார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன். ஆனால் 2018-இல் தீபாவளி நவம்பர் 7-ஆம் தேதி, 2019-இல் அக்டோபர் 27-ஆம் தேதி. வெடிப்புகையையும் வயல்புகையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அபராதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு ஏக்கருக்குக் கீழ் 2,500 ரூபாய் என்று வைத்திருந்ததை 2024 நவம்பரில் 5,000 ஆக்கினார்கள். யார் மீது போடப்பட்டது என்பதைவிட, போட்டதில் எவ்வளவு வசூலானது என்று பாருங்கள். அதை வைத்துத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

---

சமூக மருத்துவம் பதிலளித்தது:

மருத்துவப் பக்கத்திலிருந்து என் ஐயங்களை முன்வைக்கிறேன். வழிமுறை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், அளக்கப்படும் பொருள் தவறாக இருந்தால் பயனில்லை.

பிறப்பு எடையை முதன்மை விளைவாக வைப்பதை மறுபரிசீலனை செய்யுங்கள். குடும்ப நல ஆய்வில் அந்த எண்ணின் ஒரு பகுதி மருத்துவ அட்டையைப் பார்த்து எழுதப்பட்டது, மறு பகுதி தாயின் நினைவிலிருந்து சொல்லப்பட்டது. பிரசவ வார்டில் தராசைப் பார்த்து எழுதும்போதே 2,500, 3,000 என்று முழு எண்களில் குவிவது வழக்கம். நினைவிலிருந்து சொல்லும்போது அந்தக் குவியல் மலையாகிவிடும். குறை எடை என்பதற்கான எல்லையும் 2,500 கிராம் என்பதால், எல்லையின் மேலேயே எண்கள் குவிந்திருக்கும்போது உங்கள் மதிப்பீடு எந்தப் பக்கமும் சாயலாம். அட்டை உள்ளவர்களை மட்டும் எடுத்தால் படித்த, மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்கள் மிகுந்துவிடுவார்கள்.

அடுத்தது நாட்காட்டி. எரிப்புப் பருவம் ஆண்டுதோறும் ஒரே காலத்தில் வருவதால், அக்டோபர் நடுவிலிருந்து அடுத்த ஆகஸ்ட் இறுதி வரை பிறக்கும் எல்லாக் குழந்தைகளும் கருவில் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு பருவத்தைக் கடந்தே வருகின்றன. கருவில் புகையே படாதவை ஆகஸ்ட் இறுதிக்கும் அக்டோபர் நடுவுக்கும் இடையில் பிறப்பவை மட்டுமே. அவையோ கைக்குழந்தைகளாக, ஒன்றிரண்டு மாத வயதில், அதே புகையில் மாட்டிக்கொள்கின்றன. ஆகவே "புகை பட்ட குழந்தை, படாத குழந்தை" என்ற ஒப்பீடு பஞ்சாபில் கிடையாது. எந்தக் கட்டத்தில், எவ்வளவு என்பதே கேள்வி. பிறந்த மாதத்தோடு மழைக்காலத் தொற்று, தாயின் உணவு, வேலைச்சுமை எல்லாம் மாறுவதால், ஒரே மாவட்டத்தில் ஒரே மாதத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவர்களை ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பிறந்த குழந்தைகளை மட்டும் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. புகையால் கரு கலைந்துவிட்டால் அந்தக் குழந்தை உங்கள் தரவிலேயே இல்லை. வலுவான கருக்கள் மட்டும் எஞ்சிப் பிறந்தால், புகை நன்மை செய்ததுபோலக்கூடத் தெரியும். 1997 இந்தோனேசியக் காட்டுத்தீயை ஆராய்ந்த சீமா ஜெயச்சந்திரன் இதனால்தான் இறந்தவர்களை எண்ணாமல், 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்திருக்க வேண்டிய குழந்தைகளில் எத்தனை பேர் இல்லை என்று எண்ணினார். 15,600 என்பது அவர் கண்ட விடை. பஞ்சாபில் இதற்கு மேல் ஒரு சிக்கல்: ஆண் கருக்கள் இயல்பிலேயே நொய்மையானவை, அதே நேரத்தில் பெண் கருக்களைக் கலைக்கும் கொடுமை அங்கே நெடுநாளாக இருந்திருக்கிறது. ஆகவே ஆண்-பெண் விகிதத்தை வைத்துக் கருச்சிதைவை ஊகிக்கும் வழக்கமான உத்தியை அங்கே கையாளாதீர்கள்.

இடத்தையும் கவனியுங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகும் வழக்கம் நமக்கு மட்டும் உரியது அன்று, வடக்கிலும் பல குடும்பங்களில் உண்டு. கணக்கெடுப்பில் பதிவான ஊர் கணவன் வீடு. கடைசி மூன்று மாதம் புகையைச் சுவாசித்தது வேறு ஊராக இருக்கலாம். பதிலளித்தவர்களின் அடையாளத்தைக் காப்பதற்காக ஊர்களின் புள்ளியையே நகரத்தில் இரண்டு கிலோமீட்டர் வரையும், கிராமத்தில் ஐந்து கிலோமீட்டர் வரையும், சிலவற்றில் பத்து வரையும் வேண்டுமென்றே தள்ளி வைத்துத்தான் தருகிறார்கள். புகைக்கு இது பெரிய குறை அன்று, ஆனால் "வயலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள்" என்றெல்லாம் எழுதிவிட்டால் நடுவர் அங்கேயே பிடிப்பார்.

2019-21 ஆய்வில் பஞ்சாபும் ஹரியாணாவும் இரண்டாம் கட்டத்தில் வந்தவை. ஊரடங்கால் களப்பணி இடையில் நின்றது. 2020-இல் பிறந்தவர்களைத் தனியே வையுங்கள். அந்த ஆண்டு காற்றும் மாறியது, பிரசவம் பார்த்த இடமும் மாறியது.

---

டெல்டாக்காரி எழுதியது:

மூவருக்கும் நன்றி. படித்துவிட்டு இரண்டு நாள் காகிதத்தில் கிறுக்கிப் பார்த்தேன். சட்டத்தை நடுவில் வைப்பதானால் பிறப்பு எடையை விட்டுவிட வேண்டியதுதான், ஏனெனில் கணக்கெடுப்புக்கு முந்தைய ஐந்தாண்டுப் பிறப்புகளுக்கு மட்டுமே எடை கேட்கப்படுகிறது. 2015-16 ஆய்வில் அது 2009-க்கு முன்னால் போகாது. சிசு மரணத்துக்கு அந்தத் தடை இல்லை, தாயின் முழுப் பிறப்பு வரலாறும் இருப்பதால் சட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளும் கிடைக்கின்றன. வியர்ஸ் தரவு 2012-இல்தான் தொடங்குகிறது என்றாலும், நெல் பரப்பையும் காற்றையும் வைத்துக் கணக்கிட்டால் அதுவும் தடையில்லை.

எனக்கு எஞ்சும் ஐயம் ஒன்று. சட்டம் நிலத்தடி நீரையும் மாற்றியிருக்கும், விவசாயியின் வருமானத்தையும் மாற்றியிருக்கும். குழந்தை குடிக்கும் நீரின் தரம் மாறியதால் மரணம் குறைந்தோ கூடியோ இருந்தால், அதைப் புகையின் கணக்கில் எழுதிவிட மாட்டேனா?

---

திட்டப்பிழை பதிலளித்தது:

எழுதிவிடுவீர்கள், சட்டத்தை மட்டும் தனியே பயன்படுத்தினால். அதனால்தான் காற்றைக் கைவிடச் சொல்லவில்லை. நெல் பரப்பு ஒரே அளவாக இருக்கும் இரண்டு ஊர்களை நினைத்துப் பாருங்கள்: ஒன்றுக்கு அந்தப் பரப்பு காற்று வரும் திசையில் இருக்கிறது, மற்றொன்றுக்குப் போகும் திசையில். சட்டம் வந்தபோது நீரும் வருமானமும் இரண்டு ஊர்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி மாறியிருக்கும். புகை மட்டும் ஒன்றில்தான் கூடியிருக்கும். ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான மரண வேறுபாடு 2009-க்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்பதுதான் நீங்கள் மதிப்பிட வேண்டியது. சட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளில் அந்த வேறுபாடு எந்தப் பக்கமும் நகரவில்லை என்று முதலில் காட்டுங்கள். தூரத்தை வைத்து நெளிவான வளைவுகளைப் பொருத்தும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். சீனாவின் ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே குளிர்காலத்தில் நிலக்கரியை இலவசமாகத் தந்த கொள்கையால் மக்களின் ஆயுள் 5.5 ஆண்டு குறைந்ததாக 2013-இல் வந்த மதிப்பீட்டை, அதன் முப்படி வளைவுக்காகவே பலர் கடுமையாக விமர்சித்தார்கள். 2017-இல் அதே குழுவைச் சேர்ந்த சிலர் புதிய தரவோடு திரும்பி வந்தபோது 3.1 ஆண்டு என்றார்கள். நச்சு இருக்கிறது என்ற முடிவு மாறவில்லை, அளவுதான் மாறியது. கொள்கை வகுப்பவருக்கோ அளவுதான் தேவை.

மாதிரியின் அளவையும் இப்போதே கணக்கிட்டுவிடுங்கள். பஞ்சாபில் சிசு மரணம் 2019-21 ஆய்வின்படி ஆயிரம் பிறப்புக்கு 28. அதைப் பிறந்த மாதம், ஆண்டு, காற்றுப் பக்கம் என்று கூறுபோட்டால் ஒவ்வொரு கூறிலும் விரல்விட்டு எண்ணும் மரணங்களே மிஞ்சும். மேற்கு உத்தரப் பிரதேசத்தையும் ராஜஸ்தானின் வட மாவட்டங்களையும் புகை போய்ச் சேரும் இடங்களாகச் சேர்த்துக்கொண்டால் நிலைமை தேறும். தவிர, அந்த ஊர்களுக்குப் பஞ்சாபின் நீர்ச் சட்டம் பொருந்தாது என்பதால், சற்றுமுன் நீங்கள் கேட்ட ஐயத்துக்கும் அது ஒரு கூடுதல் விடை.

---

லூதியானாவாசி பதிலளித்தது:

இரண்டாவது கட்டுரைக்கு ஒரு குறிப்பு. 2019-இல் இங்கே சில கிராமங்களில், எரிக்காமல் இருந்தால் பணம் தருவதாக ஒப்பந்தம் போட்டு ஒரு பரிசோதனை நடந்தது. கெல்சி ஜாக், சீமா ஜெயச்சந்திரன், நம்ரதா கலா, ரோகிணி பாண்டே ஆகியோர் நடத்தியது. பருவம் முடிந்து, எரிக்கவில்லை என்று சரிபார்த்த பிறகு பணம் என்றபோது எரிப்பு குறையவில்லை. ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்தபோது குறைந்தது. எனக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. தாளை மடக்கி உழ இயந்திரத்துக்கு வாடகை இன்று கொடுக்க வேண்டும், டீசல் இன்று ஊற்ற வேண்டும். பணம் பிறகு வரும் என்று ஒரு வெளியாள் சொல்வதை, பிறகு வராத பல பணங்களைப் பார்த்த விவசாயி எப்படி நம்புவார்? உங்கள் முதல் கட்டுரையிலிருந்து ஒரு குழந்தையின் உயிருக்கு எத்தனை ஏக்கர் புகை என்று ஓர் எண் கிடைத்தால், அந்த முன்பணத்தின் செலவை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

களத்துக்கு வருவதாக இருந்தால் அக்டோபர் இருபதுக்குப் பிறகு வாருங்கள். அதற்கு முன் எல்லோரும் மண்டியில் நெல் மூட்டையோடு நிற்பார்கள், யாரும் பேச மாட்டார்கள்.

---

டெல்டாக்காரி எழுதியது:

அக்டோபர் 22-க்கு ரயிலில் முன்பதிவு செய்துவிட்டேன், ஐயா. வினாப்பட்டியலின் பஞ்சாபி வடிவத்தை அதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா? "தாளை எரித்தீர்களா" என்று நேராகக் கேட்டால் அபராதத்துக்குப் பயந்து இல்லை என்றே சொல்வார்கள் என்பதால், "கோதுமைக்கு வயலை எப்படித் தயார் செய்தீர்கள், எத்தனை நாளில், எவ்வளவு செலவில்" என்று மாற்றி எழுதியிருக்கிறேன். அது அங்குள்ளவர்கள் பேசும் பேச்சாக இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.